மூக்கு, கட்டைவிரல், மூன்று முடிச்சு: கேனான் ஆர்6 மார்க் 2-ல் ஃபோகஸ் புள்ளி

கேமராவைத் தூக்கினால், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு என் இடது கண்தான் போகும். அப்பாவுக்கும் அப்படித்தான். மாயவரத்தில் அவர் ஃபிலிம் கேமராவோடு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்த காலத்தில் இடது கண்ணால் வந்த தொல்லை ஒன்றே ஒன்று: ரோலை நகர்த்தும் லீவர் நெற்றியில் இடிக்கும். இன்றைக்கு அதே இடது கண், லட்சக்கணக்கில் பணம் போட்டு கேமரா வாங்குமுன் யோசிக்கவேண்டிய சமாச்சாரம் ஆகிவிட்டது. ஏன் என்பது மூக்கு வருமிடத்தில் தெரியும்.

விஷயம், கேனான் இஓஎஸ் ஆர்6 மார்க் 2. 2022 நவம்பரில் அறிவித்த பாடி, அதாவது லென்ஸ் சேராத கேமரா. 24.2 மெகாபிக்சல், ஃபுல் ஃப்ரேம், மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 12 படம், எலெக்ட்ரானிக்கில் 40, ரெண்டு கார்டு போடலாம். இதையெல்லாம் எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ரெண்டு வைகாசி, ரெண்டு ஆவணி, ஒரு தை இதை வைத்துச் சம்பாதித்தபிறகு நான் எழுத நினைப்பது ஒன்றைப் பற்றித்தான். வியூஃபைண்டருக்குள் தெரியும் அந்தச் சின்னக் கட்டம், படத்தில் எந்த இடம் கூர்மையாக வரவேண்டும் என்று சொல்லும் ஃபோகஸ் புள்ளி. அதை நினைத்த இடத்துக்கு நகர்த்த இந்த பாடியில் என்னென்ன வைத்திருக்கிறார்கள், முகூர்த்த நேரத்தில் அது கைக்கு வருகிறதா, அவ்வளவுதான்.

"அதுவே கண்ணைக் கண்டுபிடிச்சு ஃபோகஸ் பண்ணுதே அண்ணே, புள்ளியை எதுக்கு நகர்த்தணும்?" என்று என்னோடு வேலைக்கு வரும் தம்பி முதல் நாளே கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு வாயால் பதில் சொல்லவில்லை. அந்த வாரம் மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணம் இருந்தது, கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

விடியற்காலை முகூர்த்தம். ஹோமப் புகை மணவறைக்கு மேலே மேகமாக நிற்கிறது. ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்" என்றதும் தவிலும் நாகஸ்வரமும் ஒன்றாக எழ, உட்கார்ந்திருந்த ஜனமெல்லாம் எழுந்து முன்னால் வருகிறது. இப்போது வியூஃபைண்டரில் எத்தனை முகம் என்று எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா, பெண்ணின் அம்மா, மாமா, எட்டிப் பார்க்கும் ரெண்டு வாண்டு, அந்தப் பக்கத்திலிருந்து குனிந்து எடுக்கும் வீடியோக்காரர், செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்த நாலு பேர். பெண் மட்டும் தலை குனிந்திருக்கிறாள். அவள் முகம் தெரியாது. நாத்தனார் பின்னாலிருந்து ஜடையையும் மாலையையும் ஒதுக்கிப் பிடித்திருக்கிறாள். எனக்கு இங்கே வேண்டியது முகமே இல்லை. கழுத்துக்குப் பின்னால் அந்த மஞ்சள் கயிறும், அதை முடிகிற விரல்களும். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மிச்சத்தை நாத்தனார். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து விநாடி. நடுவில் அட்சதை வேறு மழையாகக் கொட்டும்.

இந்த கேமராவுக்கு மனுஷக் கண் தெரியும், மிருகக் கண் தெரியும், கார், பைக் எல்லாம் தெரியும். மெனுவிலேயே அப்படிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் கயிறு தெரியாது. அது நம் தலையில்தான் விழும்.

பழைய கதை ஒன்று சொல்லவேண்டும். பல வருஷம் முன்பு நான் வைத்திருந்த ஒரு பாடி. கம்பெனி பெயர் வேண்டாம். அதில் புள்ளியை நகர்த்துவதானால் முதலில் ஒரு பட்டனை அமுக்கவேண்டும், பிறகு பின்னால் இருக்கும் நாலு திசைப் பட்டனில் தட்டவேண்டும். முதல் பட்டனை அமுக்க மறந்தால் அதே நாலு திசைப் பட்டன்கள் வேறு வேலை செய்யும். வலங்கைமானில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கேட்டது, பதற்றத்தில் முதல் பட்டனை விட்டுவிட்டு வலது பக்கம் மூன்று தட்டுத் தட்டினேன். புள்ளி அசையவில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸ் மாறி, மஞ்சள் பல்புக்கான டங்ஸ்டனில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆல்பத்துக்கு எடுத்த தாலி கட்டுப் படம் அத்தனையும் நீலம். மஞ்சள் கயிறு சாம்பல் நிறத்தில் இருந்தது. கம்ப்யூட்டரில் ஒருவாறு சரி செய்து கொடுத்தேன். பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் புரட்டி, "ஏன் தம்பி, இந்த ஒரு பக்கத்துல மட்டும் எம்பொண்ணு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கா?" என்று கேட்டார்கள். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆர்6 மார்க் 2-ல் அந்த நாலு திசைப் பட்டன் வேலையைச் செய்வது ஒரு சின்னக் குமிழ். ஜாய்ஸ்டிக். கம்பெனி வைத்த பெயர் மல்டி-கன்ட்ரோலர். வியூஃபைண்டருக்கு வலப்புறம், ஃபோகஸ் பிடிக்கும் ஏஎஃப்-ஆன் பட்டனுக்குக் கீழே, கேமராவைப் பிடித்ததும் கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில் இருக்கிறது. எட்டுத் திசையிலும் போகும். அதை நேரடியாகப் புள்ளி நகர்த்துவதற்கு என்று வைத்துவிட்டால், முன்னால் ஒரு பட்டன் அமுக்குகிற வேலை கிடையாது. தள்ளினால் போகும், நடுவில் அமுக்கினால் புள்ளி மையத்துக்குத் திரும்பிவிடும். கண்ணை எடுக்காமல், சீரக டப்பாவைத் தேடாமல் எடுக்கிற மாதிரி, கை பழகிவிடுகிறது.

வேகம்தான் முதலில் இடித்தது. புள்ளியை வைக்கக்கூடிய இடங்கள் இதில் ஆயிரக்கணக்கில். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஊர்ந்து போனால் அதற்குள் மூன்றாவது முடிச்சு விழுந்துவிடும். பழைய எஸ்எல்ஆர்களில் இந்தப் பிரச்சினையே வேறு மாதிரி. 2016-ல் வந்த நிக்கான் டி500-ல் 153 புள்ளி உண்டு, ஆனால் கையால் தேர்ந்தெடுக்க முடிந்தது 55 மட்டும். குறைவாக இருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது: நாலு தட்டு, போய்ச் சேர்ந்துவிடலாம். இங்கே அதற்கு மருந்து மெனுவில் இருக்கிறது. குமிழின் உணர்திறன் என்று ஒரு அமைப்பு; அதைக் கூட்டி வைத்தால் புள்ளி விரைந்து ஓடுகிறது. நான் கூட்டித்தான் வைத்திருக்கிறேன். கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்ப இழுக்கிற பழக்கம் ரெண்டு கல்யாணத்தில் சரியாகிவிட்டது. தம்பிக்கு வீட்டில் பயிற்சி: கொல்லையில் வரிசையாக அஞ்சு குடம் வைத்து, கேமராவை அசைக்காமல் ஒவ்வொரு குடத்தின் வாய்க்கும் புள்ளியைக் கொண்டுபோக வேண்டும். அடுத்த வீட்டு ஆச்சி, "பாவம், இந்தப் புள்ளைக்கு இன்னும் கல்யாண ஆர்டர் வரலியா" என்று விசாரித்தார்கள்.

சரி, புள்ளியை நகர்த்தாமல் நடுவிலேயே வைத்து ஃபோகஸ் பிடித்து, அப்புறம் கேமராவைத் திருப்பி ஃப்ரேம் அமைத்தால் என்ன? எங்கள் தலைமுறை முழுக்க அப்படித்தான் வேலை செய்தது. 9 புள்ளி இருந்த காலத்தில் வேறு வழியும் இல்லை. கணக்குப் போட்டால் ஏன் கூடாது என்று புரியும். 85 எம்எம் லென்ஸ், வெளிச்சம் புகும் துளை எஃப் 1.8 என்று அகலமாகத் திறந்திருக்கிறது, பெண் ரெண்டு மீட்டர் தூரத்தில். கூர்மையாக வரும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். முன்னால் 3, பின்னால் 3. கண்ணில் ஃபோகஸ் வைத்துவிட்டு கேமராவை 10 டிகிரி திருப்புகிறீர்கள். ஃபோகஸ் விழும் தளம் கேமராவோடு சேர்ந்து திரும்பி, கண்ணுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் பின்னால் போய் நிற்கும். அதாவது இருந்த இடத்தை அதுவே தின்றுவிட்டது. அதற்குமேல் பெண் லேசாக மூச்சு விட்டால் போதும், ஜிமிக்கி கூர்மையாக இருக்கும், கண் மங்கலாக இருக்கும். துளையைச் சுருக்கி எஃப் 4, எஃப் 5.6 என்று எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மண்டபத்து வெளிச்சத்தில் எஃப் 4-க்கு யார் போகிறார்கள்?

இனி, நான் பத்து வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கொள்கையை இந்த கேமரா விட வைத்த கதை. பின்பக்க ஏஎஃப்-ஆன் பட்டனால் ஃபோகஸ், ஷட்டர் பட்டனால் படம் மட்டும் என்று பிரித்து வைப்பது தொழில்காரர்களிடம் ஒரு கௌரவம். நானும் அப்படித்தான் இருந்தேன். குமிழ் வந்ததும் ஒரு சங்கதி உறைத்தது: ஏஎஃப்-ஆனை அமுக்குவதும் கட்டைவிரல், குமிழைத் தள்ளுவதும் அதே கட்டைவிரல். இருப்பது ஒன்று. நாத்தனார் முடிச்சுப் போட முன்னால் சாயும்போது, கட்டைவிரல் கீழே இறங்கிக் குமிழைத் தள்ளி மறுபடி மேலே ஏறுவதற்குள் ரெண்டு படம் போய்விடுகிறது.

மாற்றிவிட்டேன். ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்கினால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ். புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே. கட்டைவிரல் முழு நேரமும் குமிழ்மேல். ஏஎஃப்-ஆனுக்குக் கண் தேடும் வேலையைக் கொடுத்திருக்கிறேன். முகம் வேண்டுமா, கட்டைவிரலைத் தூக்கி ஏஎஃப்-ஆன்மேல் வை, கேமரா தானே கண்ணைப் பிடித்துக்கொள்ளும். கயிறு வேண்டுமா, எடுத்துவிடு, புள்ளி நான் வைத்த இடத்திலேயே காத்திருக்கும். பட்டன் அமைப்பு மெனுவில் இதைச் செய்ய ஐந்து நிமிஷம் ஆகாது. இந்த பாடியில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் எது என்று கேட்டால் 40 படம் இல்லை, இதுதான்.

ஃபோகஸ் பகுதியின் அளவை மாற்ற, வலது மேல் மூலையில் இருக்கும் புள்ளித் தேர்வுப் பட்டனை அமுக்கி, பிறகு ஷட்டர் பக்கத்து எம்-எஃப்என் பட்டனைத் தட்டிக்கொண்டே போகவேண்டும். ஸ்பாட், ஒற்றைப் புள்ளி, அதைச் சுற்றி விரித்தது ரெண்டு வகை, மண்டலம் மூன்று வகை, முழுத் திரை, மொத்தம் எட்டு. எட்டும் எனக்கு எதற்கு? வேண்டாததை மெனுவில் மறைத்துவிடலாம். ஒற்றைப் புள்ளி, முழுத் திரை, நாத்தனார் நலங்கு மாதிரி குதித்துக் கும்மாளமிடும் நேரத்துக்கு ஒரு மண்டலம். மூன்றோடு சரி. வாங்கிய அன்றே செய்யவேண்டியது இது. பட்டன் தட்டும் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறையும்.

இன்னொன்றும் வாங்கிய அன்றே செய்யுங்கள். கேமராவைப் படுக்க வைத்துப் பிடிக்கும்போதும் செங்குத்தாகப் பிடிக்கும்போதும் புள்ளி தனித்தனி இடத்தில் இருக்கும்படி அமைக்கலாம். வாசலில் குத்துவிளக்குப் பக்கத்தில் பெண்ணை நிறுத்தி செங்குத்தாக எடுக்கிறேன், புள்ளி மேலே முகத்துக்கு நேராக. திருப்பி அகலமாக மாக்கோலத்தோடு எடுக்கிறேன், புள்ளி தானாக இடப்பக்கம். மறுபடி செங்குத்து, மறுபடி மேலே. குமிழைத் தொடவே வேண்டாம்.

கண் தேடும் வசதியைக் குறை சொல்லிக்கொண்டே போகிறேன் என்று நினைக்கவேண்டாம். சிவராத்திரி சமயம் எங்கள் மயூரநாதர் கோயிலில் நாட்டியாஞ்சலி நடக்கும். அபிநயத்தில் கை முன்னால் நீளும். பழைய கேமராக்கள் அந்தக் கைக்குத்தான் தாவும். இதில் முத்திரை பிடித்த விரல் கண்ணுக்குக் குறுக்கே வந்து போனாலும் ஃபோகஸ் கட்டம் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. ரெண்டு மூன்று பேர் சேர்ந்து ஆடினால், குமிழை இடமோ வலமோ தள்ளி யார் முகம் என்று நாமே சொல்லலாம். துரத்துவதை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்றும் வைக்கலாம். தானியங்கி என்றாலும் கடிவாளம் கட்டைவிரலில்தான்.

கண்ணால் புள்ளி தேர்ந்தெடுப்பது என்பதே கேனானுக்குப் பழைய ஆசை. 1992-ல் வந்த ஃபிலிம் கேமரா இஓஎஸ் 5-லேயே, நீங்கள் எந்தப் புள்ளியைப் பார்க்கிறீர்களோ அதைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. 1998-ல் இஓஎஸ் 3-ல் 45 புள்ளியோடு வந்தது. பிறகு காணாமல் போய், 2021-ல் ஆர்3-ல் திரும்பி வந்தது. ஆர்6 மார்க் 2-ல் அது கிடையாது. நான் ஏங்கவில்லை. மண்டபத்தில் என் கண் ஃபிரேமின் நாலு மூலைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பந்தல்காரர் ஏணி தெரிகிறதா, யார் கையை நீட்டுகிறார்கள் என்று. பார்க்கிற இடமெல்லாம் ஃபோகஸ் ஓடினால் என்ன ஆவது?

இப்போது மூக்கு. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டே, பின்னால் இருக்கும் தொடுதிரையில் விரலால் இழுத்துப் புள்ளியை நகர்த்தும் வழியும் இதில் உண்டு. வலது கண்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். அவர்கள் மூக்கு திரைக்கு இடப்பக்கம் படும். கட்டைவிரலுக்கு வலப்பக்கம் காலியாகக் கிடக்கும். திரையின் வலது பாதி மட்டும் வேலை செய்தால் போதும் என்று மெனுவில் சொல்லிவிட்டால் மூக்குத் தொல்லை தீர்ந்தது. என்னைப் போல இடது கண்காரர்களுக்கு மூக்கு வலப்பக்கம்தான் வந்து நிற்கும். விரல் போகவேண்டிய இடத்தில் மூக்கு. முதல் வாரம் புள்ளி தன்னால் அங்குமிங்கும் ஓடுவதைப் பார்த்து கேமராவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். என் மூக்கு ஃபோகஸ் பண்ணிக்கொண்டிருந்தது. மேல் வலது மூலையை மட்டும் வைத்துப் பார்த்தேன், விரலும் மூக்கும் முட்டிக்கொண்டன. கடைசியில் அந்த வசதியை அணைத்துவிட்டு, திரையையும் உள்பக்கமாகத் திருப்பி மூடிவிட்டேன். திரை மடங்கித் திரும்பும் வகை என்பதால் இது முடிகிறது. கடையில் வாங்கப்போனால் முதலில் எந்தக் கண் என்று பார்த்துக்கொள்ளுங்கள், விற்பவர் சொல்லமாட்டார்.

இதில் இன்னொரு உள்ளூர்க் காரணமும் இருக்கிறது. வரவேற்பு மேசையில் பன்னீரும் சந்தனமும். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். எடுத்தால் விரலெல்லாம் சந்தனம். அதோடு வைகாசிப் புழுக்கத்தில் வேர்வை. அந்த விரலால் தொடுதிரையைத் தொட்டால் திரை திருநீறு பூசிய மாதிரி ஆகிவிடும், புள்ளியும் சொன்ன பேச்சுக் கேட்காது. குமிழுக்குச் சந்தனம் பட்டாலும் கவலையில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மெல்லிய பிரஷால் அதன் அடிப்பக்கம் சுற்றித் துடைத்துவிடுவேன். காய்ந்த சந்தனத் துகள் வருவதைப் பார்த்தால் எத்தனை பேர் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டோம் என்று கணக்கே சொல்லலாம்.

இவ்வளவு சொன்னபின் என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. போன ஆவணியில் ரெண்டாவது பாடியைத் தம்பியிடம் கொடுத்து எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னேன். அவன் முழுத் திரை, கண் தேடல், எல்லாம் தானியங்கியில் வைத்துவிட்டான். தாலி கட்டும்போது கேமரா என்ன செய்தது தெரியுமா? கயிறையும் விட்டது, மாப்பிள்ளையையும் விட்டது. பின்வரிசையில், தூணில் சாய்ந்து நின்ற பெண்ணின் அப்பாயி முகத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டது. முன்னால் தாலி கட்டுவது மங்கலாக, பின்னால் அந்தக் கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது முடி முடியாகத் தெளிவு. "என்னடா இது" என்று அவனைத் திட்டினேன். தேர்ந்தெடுத்த படங்களில் அதைச் சேர்க்கவும் இல்லை. அவன் எனக்குத் தெரியாமல் பெண் வீட்டாருக்கு செல்ஃபோனில் அனுப்பிவிட்டான்.

அந்த வீட்டில் பெரிதாக ஃபிரேம் போடச் சொன்னது அந்த ஒரு படத்தைத்தான். பெண்ணின் அப்பா வந்து வாங்கிக்கொண்டு போனார். கடையிலேயே பிரித்து ரொம்ப நேரம் பார்த்தார். "அம்மா அழுததை நான் பார்க்கவே இல்ல தம்பி. நீங்க எப்படிப் பார்த்தீங்க?" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் பில் புத்தகத்தைத் தேடினேன்.

பாடியை மட்டும் வாங்கினாலே ரெண்டு லட்சம் பக்கம் போகும்; லென்ஸ் தனி. வருஷத்துக்கு நாலு கல்யாணம் எடுப்பவர்களுக்கு இந்தப் பணம் தேவையில்லை. ஏற்கெனவே வைத்திருக்கும் பாடியில் குமிழ் இருந்தால், மேலே சொன்ன அமைப்புகளில் பாதி அதிலும் வேறு பெயரில் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். குமிழே இல்லாத பாடி வாங்கப்போகிறவர்கள், அதிலும் இடது கண்காரர்கள், வாங்குமுன் யாரிடமாவது கடன் வாங்கி ஒரு முகூர்த்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். தம்பி இப்போது அஞ்சு குடத்தை ஒரே மூச்சில் முடிக்கிறான். ஏஎஃப்-ஆனில் கண் தேடலை மட்டும் அவன் பாடியில் எடுக்காமல் விட்டிருக்கிறேன்.